புண்மேல் பவுடர் கொட்டாதீர்கள்

புண்ணுக்குக் கட்டுப் போடும் எங்கள் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தால், அந்த வயதில் நாங்கள் அடித்த கூத்தெல்லாம் அப்படியே திரும்ப நடக்கிறது. கை கழுவு, காலாவதித் தேதி பார் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன். நல்லது என்று நம்பியே செய்வதுதான் பிரச்சினை.

புண்ணைக் காய வைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பைக்கில் விழுந்து முழங்காலுக்குக் கீழே சிராய்த்துக்கொண்ட ஒருவர், சர்க்கரை நோயாளி, மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக் பவுடரைக் காலையும் மாலையும் தூவி, "தண்ணியே படவிடல சிஸ்டர், நல்லா காஞ்சிருச்சு" என்று பெருமையாகக் காலை நீட்டினார். மேலே சிமென்ட் பூசியதுபோல் மஞ்சள் பொருக்கு. சலைன் என்ற உப்புநீரில் ஊறவைத்து ஓரத்தை மெல்லத் தூக்கினால் உள்ளே சீழ், நாற்றம். சிராய்ப்பாக இருந்தது குழிப்புண் ஆகிவிட்டது, அப்புறம் வாரக்கணக்கில் கட்டு மாற்ற அலைந்தார்.

புதுத் தோல் புண்ணின் ஓரங்களிலிருந்தும், மேலோட்டமான காயத்தில் மயிர்க்கால்களிலிருந்தும் ஊர்ந்து வந்து மூடுகிறது. அது ஊர ஈரம் வேண்டும். மேற்பரப்பு காய்ந்து போனால் பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்கித்தான் வர முடியும், அதனால்தான் தாமதம். 1962-இலேயே ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் காயங்களில் பாதியை பிளாஸ்டிக் படலத்தால் மூடி, மீதியைக் காற்றாட விட்டுப் பார்த்தார். மூடியவற்றில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. இத்தனை வருஷம் ஆகியும் நம் ஊரில் பவுடர் டப்பா விற்றுக்கொண்டேதான் இருக்கிறது.

சுத்தமான சின்னக் காயத்துக்கு, கழுவி, மெல்லிசாக வாசலின் தடவி, காஸ் துணி வைத்து மூடி, தினமும் மாற்றினால் போதும். ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட்தான் வேண்டும் என்றில்லை. சிறு அறுவைக் காயங்களில் இரண்டையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் செய்து 1996-இல் வெளியான ஆய்வில் தொற்று விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வாசலினைப் புது டியூபாக எடுங்கள், வீட்டில் எல்லார் விரலும் போய் வந்த டப்பா வேண்டாம். நீர் அதிகம் கசியும் புண்ணுக்கு இது சரிப்படாது, உறிஞ்சும் டிரெஸ்ஸிங் தேவை.

தினமும் அயோடின்

முதல் நாள் அழுக்குக் காயத்துக்கு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி சரி. சிவப்பாகச் சதை வளர ஆரம்பித்த சுத்தமான புண்ணில் தினமும் ஊற்றினால் கிருமியோடு சேர்த்து வளரும் செல்லையும் கெடுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான், நுரை வருவதைப் பார்த்து மயங்காதீர்கள். சலைன், இல்லையென்றால் குடிக்கிற தண்ணீர் போதும்.

சுட்ட இடத்தில் பேஸ்ட், இங்க்

வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

சமையலறைத் தேன்

மருத்துவத் தேன் கிருமி நீக்கியது. அலமாரியில் இருப்பது அப்படியல்ல.

மூணு மருந்து சேர்ந்த க்ரீம்

அரிப்புக்கு வாங்கிய டியூபைப் புண்ணுக்கும் தடவுகிறார்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, அது புண் ஆறுவதைத் தள்ளிப்போடும்.

சிவந்தால் இன்னும் தடவுவது

சில ஆயின்மென்ட்களில் இருக்கும் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சுற்றிலும் சிவந்து, அரித்து, பொடிக் கொப்புளம் வந்தால் தொற்று முற்றுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அப்புகிறார்கள். முதலில் அந்த டியூபை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வலியும் வீக்கமும் கூடி, காய்ச்சலும் சேர்ந்தால் அது வேறு கதை, அன்றைக்கே போங்கள்.