சிக்னல் ஹேண்ட்லருக்குள் நினைவகம் கேட்காதீர்கள்

புரோகிராம் செத்தும் போகவில்லை, ஓடவும் இல்லை. லாகில் ஒரு வரி கிடையாது, சிபியூ சும்மா கிடக்கிறது. பிழைதேடும் கருவியான ஜிடிபியை இணைத்து ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கைப் பார்த்தால், உச்சியில் மெலாக் (நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) பூட்டுக்காகக் காத்திருக்கிறது. அதற்குக் கீழே பிரிண்ட்எஃப், அதற்கும் கீழே நம் சிக்னல் ஹேண்ட்லர், அதாவது புரோகிராமை இடைமறிக்கும் சிக்னல் வந்ததும் தானாக ஓடும் ஃபங்ஷன். அப்புறம் பார்த்தால் அடியில் இன்னொரு மெலாக்! முதல் மெலாக் பூட்டைப் போட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் சிக்னல் வந்திருக்கிறது. இப்போது அதே த்ரெட், தான் போட்ட பூட்டுக்குத் தானே காத்து நிற்கிறது. திறந்துவிட ஆளில்லை.

இப்படித் தொங்கினால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். த்ரெட் ஒன்றே ஒன்றுதான் என்றால் சில நூலகங்கள் பூட்டே போடாது. அப்போது மெலாக் வைத்திருக்கும் காலி இடப் பட்டியல் சிதைந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் புரோகிராம் விழும்.

கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் பகுதி) இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. ஹேண்ட்லர் கேட்கும் ஒரு சின்ன ஆப்ஜெக்டே கலெக்ஷனைத் தொடங்கிவிடலாம். பாதி கட்டிய ஆப்ஜெக்டின் தலைப்பில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

அடுத்த தவறு, ரன்டைம் (புரோகிராமை ஓட்ட மொழி கூடவே வைக்கும் பகுதி) தனக்கென்று வைத்திருக்கும் சிக்னலில் கைவைப்பது. லினக்ஸில் போம் என்ற கார்பேஜ் கலெக்டர் த்ரெட்களை நிறுத்த சிக்பவரையும், மறுபடி ஓடவிட சிக்எக்ஸ்சிபியூவையும் வழக்கமாகப் பயன்படுத்துகிறது. ஒரு த்ரெட்டில் அவற்றைத் தடுத்து வைத்தால், அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாமே நிற்கும். (ஜிடிபியில் இவை வந்து வந்து நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அங்கே அது சகஜம்.) கோ மொழி 2020இல் வந்த 1.14 பதிப்பிலிருந்து கோரூட்டீன்களை (அதன் இலகுவான த்ரெட்களை) இடைமறிக்க சிக்அர்ஜ் சிக்னலை அனுப்புகிறது. ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட், தவறான நினைவக அணுகலுக்கு வரும் சிக்செக்வியையே தன் வேலைக்கு வைத்திருக்கிறது. உங்கள் சி நூலகம் அதைப் பிடுங்கிக்கொண்டால், சாதாரண நல் பாயின்டர் எக்ஸெப்ஷனாக முடிய வேண்டியது முழு கிராஷாக முடியும். இரண்டு ஹேண்ட்லர்களையும் சங்கிலியாக இணைக்கும் லிப்ஜேசிக் நூலகம் இதற்காகத்தான் இருக்கிறது.

சரி, ஹேண்ட்லருக்குள் என்னதான் செய்யலாம்? ஒரு கொடியை (ஆம்/இல்லை என்று குறிக்கும் மாறியை) ஏற்றுங்கள், அல்லது முன்பே திறந்து வைத்த பைப்பில் ஒரு பைட் எழுதுங்கள். மீதியை மெயின் லூப் பார்த்துக்கொள்ளும். எழுதுகிறீர்கள் என்றால், கடைசிப் பிழையின் எண் இருக்கும் எர்நோவைச் சேமித்துத் திருப்பி வையுங்கள்.

பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தானும் உள்ளே இதைத்தான் செய்கிறது: சி ஹேண்ட்லர் கொடியை மட்டும் ஏற்றும்; உங்கள் பைத்தான் ஃபங்ஷன் பிற்பாடு, மெயின் த்ரெட்டில், பைட்கோடுகளுக்கு நடுவே ஓடும். அதனால் அங்கே லிஸ்ட் உருவாக்கலாம், தப்பில்லை. ஆனால் மெயின் த்ரெட் பிடித்திருக்கும் சாதாரண லாக்கை அந்த ஹேண்ட்லரில் கேட்டால், மெலாக்குக்கு நேர்ந்த அதே கதிதான். ரூபி இந்த விஷயத்தில் கறார்: ட்ராப்புக்குள் (அதன் சிக்னல் ஹேண்ட்லருக்குள்) மியூடெக்ஸ் என்ற லாக்கைப் பூட்டப் போனால் உடனே எரர் எறிந்துவிடும்.

உங்கள் கோடில் இது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, மில்லிசெகண்டுக்கு ஒரு டைமர் சிக்னல் வைத்து, லூப்பில் ஓயாமல் நினைவகம் எடுப்பதும் விடுவிப்பதுமாக ஓடவிடுங்கள். மாதக்கணக்கில் கண்ணில் படாத பிழைகூட இதில் சீக்கிரம் தலைகாட்டும்.