மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் ஆளின் நிலையைப் பாருங்கள்

புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி, ஆண்கள் இன்னும் கரை திரும்பாத குமரி மாவட்டத்து மீனவ ஊர்களான தூத்தூர், வள்ளவிளை வீடுகளில் ஒருவர் விடாமல் போன் போட்டுக்கொண்டே இருப்பார். பக்கத்திலேயே இன்னொருவர் சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருப்பார். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு காற்று பலமாக அடித்தாலே பலருக்கு மனசு யோசிக்கும் முன்பே உடம்பு பயத்தைக் காட்டிவிடுகிறது. இந்த இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் சரிவராது.

நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, பேச்சு வேகமெடுத்தால் அது அட்ரினலின் வேலை. 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, 6 முதல் 8 எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லுங்கள், 5 நிமிடம். வெளிவிடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். பலரும் தவறு செய்வது இங்கேதான். பெரிதாக, வேகவேகமாக இழுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரக்கும், பயம் இன்னும் ஏறும். அப்படியானால் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடட்டும். ஆனால் நெஞ்சை அழுத்தும் வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மனப் பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

உறைந்துபோய் இருப்பவரைக் கண்ணை மூடச் சொல்லவே கூடாது. இன்னும் உள்ளே அமிழ்ந்துபோவார். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்றச் சொல்லுங்கள். சூடான கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) டம்ளரைக் கையில் கொடுங்கள். குடிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சூடு உள்ளங்கையில் பட வேண்டும். (படபடப்பில் இருப்பவருக்குச் சாயா வேண்டாம், கஃபீன் துடிப்பைக் கூட்டும்.) "என்ன ஆச்சு?" என்று துருவாமல், "தண்ணி வேணுமா?" என்பதுபோல் ஆம், இல்லை என்று தலையாட்டினாலே போதும் என்கிற கேள்விகளாகக் கேளுங்கள். பிறகு முற்றம்வரை கூட நடங்கள். தொடுவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

எரிந்து விழுகிறவருக்குப் பெரும்பாலும் தூக்கம் போதாததுதான் காரணம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் அதே ராத்திரி விழித்திருந்தால், சிறு சொல்லும் சண்டையாகும். அவருக்கு அறிவுரை வேண்டாம். கஞ்சி கொடுத்துப் படுக்க விடுங்கள். பணம், நகை பற்றிய பேச்சை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

தூக்கமின்மையோ மரத்துப்போன நிலையோ இரண்டு வாரம் தாண்டினால் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள்.