லினக்ஸில் ஓட மறுக்கும் ஒலி, ஒளிக் கோப்புகளை இயக்குவது எப்படி?

கைபேசியில் எடுத்த காணொளி ஒன்றைப் புதிதாக லினக்ஸ் நிறுவிய கணினியில் திறந்தால் குரல் மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது; அதே கோப்புறையில், அதே எம்பி4 என்ற பின்னொட்டுடன் இருக்கும் இன்னொரு காணொளியோ தடையின்றி ஓடுகிறது. இந்த இடத்தில் பலரும் செய்வது, தேடலில் முதலில் அகப்படும் கட்டளைகளை வரிசையாக முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) ஒட்டிப் பார்ப்பதுதான். அதனால் காணொளி ஓடிவிடவும் கூடும். ஆனால் அடுத்த பதிப்புக்குக் கணினியை மேம்படுத்தும் நாளில், எந்தக் களஞ்சியத்தை (மென்பொருள் தொகுப்புகள் இறங்கும் இணைய இருப்பிடத்தை) எதற்காகச் சேர்த்தோம் என்று தெரியாமல் விழிக்க நேரும். ஆகவே எந்தக் கோடெக் இல்லை, எந்த பிளேயருக்கு இல்லை என்ற இரண்டையும் கண்டறிந்த பிறகே எதையும் நிறுவ வேண்டும்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ ஆகியவை வெறும் பெட்டிகள். பெட்டிக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி இன்னொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும்; அந்தச் சுருக்கத்தை விரிப்பதுதான் கோடெக்கின் வேலை. மேலே சொன்ன இரண்டு காணொளிகளில் ஓடியது ஹெச்.264 முறையிலும், ஓடாதது ஹெச்.265 எனப்படும் ஹெச்ஈவிசி முறையிலும் இருந்திருக்கும். ஐபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெச்ஈவிசியில் பதிவு செய்வதால், இந்தச் சிக்கல் இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது. பெட்டியின் உள்ளே இருப்பதைப் பார்க்க, விஎல்சியில் கோப்பைத் திறந்து கன்ட்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்தினால் போதும். படத்துக்கும் ஒலிக்கும் உரிய கோடெக்குகளின் பெயர்கள் தனித்தனியே தெரியும். முனையத்தை விரும்புபவர்கள் எஃப்எஃப்ப்ரோப் என்ற கட்டளையுடன் கோப்பின் பெயரைக் கொடுத்து இதே விவரத்தைப் பெறலாம்.

இந்தக் கோடெக்குகளை உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் சில தொடக்கத்திலேயே சேர்த்துத் தராததற்குக் காரணம் சோம்பல் அன்று, காப்புரிமை. எழுதப்பட்ட நிரல் திறமூலமாகவே இருந்தாலும், அது செயல்படுத்தும் முறைக்குச் சில நாடுகளில் உரிமக் கட்டணம் கோரப்படலாம். எம்பி3-க்கான உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்ததால் அதைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய வழிகாட்டிகள் அதற்கென்று சொல்லும் சடங்குகளையும் விட்டுவிடலாம். ஹெச்.264, ஹெச்ஈவிசி ஆகியவற்றில்தான் இன்னமும் சிக்கல் இருக்கிறது.

லினக்ஸ் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களாகப் பிரிந்திருக்கின்றன. விஎல்சி, எம்பிவி போன்றவை எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும், நோம் மேசைத்தளத்தோடு வருபவை ஜிஸ்ட்ரீமர் என்ற கட்டமைப்பையும் நம்பியிருக்கின்றன. ஒரே கோப்பு விஎல்சியில் ஓடி, நோமின் பிளேயரில் ஓடாமல் போவது இதனால்தான். ஜிஸ்ட்ரீமரின் செருகுநிரல்கள் குட், பேட், அக்லி என்று பெயரிடப்பட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் 'பேட்' தொகுப்பை நிறுவத் தயங்குகிறார்கள். தரம் இன்னும் முழுமையாகச் சரிபார்க்கப்படாதவை பேட். தரம் நன்றாக இருந்தும் விநியோகிப்பதில் சட்டச் சிக்கல் வரக்கூடியவை அக்லி. இரண்டாலும் கணினிக்குக் கேடில்லை. இவற்றோடு ஜிஸ்ட்ரீமர்-லிப்ஏவி என்ற தொகுப்பையும் நிறுவினால், எஃப்எஃப்எம்பெக் அறிந்த வடிவங்கள் ஜிஸ்ட்ரீமருக்கும் கிடைத்துவிடும்.

இனி வழங்கல்வாரியாகச் செய்ய வேண்டியவை. தொகுப்புகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறேன். தேடும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.

உபுண்டுவை நிறுவும்போதே கூடுதல் ஊடக வடிவங்களுக்கான ஆதரவு வேண்டுமா என்று கேட்கும் தேர்வுப்பெட்டி ஒன்று வரும். அதைத் தவறவிட்டிருந்தால் மல்டிவெர்ஸ் களஞ்சியத்தை இயக்கிவிட்டு, உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ் என்ற தொகுப்பை நிறுவலாம். முனையத்தின் வழியாக நிறுவும்போது, இதனுடன் சேர்ந்து வரும் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான உரிம ஒப்பந்தம் திரையை நிறைத்துக்கொண்டு நிற்கும். அடியில் உள்ள ஒப்புதல் பொத்தான் சுட்டியின் சொடுக்குக்கு அசையாது. டேப் விசையை அழுத்தி அந்தப் பொத்தானுக்குச் சென்று, பிறகு என்டரை அழுத்த வேண்டும். முதன்முறை இதைப் பார்த்தபோது கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து நான் முனையத்தையே மூடிவிட்டேன். அதன்பின் பாதியில் நின்ற நிறுவலைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. லினக்ஸ் மின்ட்டில் இந்த அலைச்சல் இல்லை: பட்டியில் மல்டிமீடியா கோடெக்குகளை நிறுவும் நிரல் ஒன்று தனியாகவே இருக்கிறது. டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் உள்ள எஃப்எஃப்எம்பெக் பெரும்பாலான வடிவங்களை அறியும். ஆர்ச்சிலும் அப்படியே.

ஃபெடோராவில்தான் சற்று நிதானம் தேவை. அதன் களஞ்சியத்தில் இருப்பது எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ என்ற, காப்புரிமைச் சிக்கல் உள்ள பகுதிகள் நீக்கப்பட்ட வடிவம். முழு வடிவம் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக்களஞ்சியத்தில் கிடைக்கிறது. மென்பொருள் மையத்தில் மூன்றாம் தரப்புக் களஞ்சியங்களை அனுமதித்துவிட்டாலே ஆர்பிஎம் ஃப்யூஷன் முழுவதும் வந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அந்த வழியில் வருவது என்விடியா இயக்கி, ஸ்டீம் போன்ற சிலவற்றுக்கான பகுதி மட்டுமே, கோடெக்குகள் அதில் இல்லை. ஆகவே ஆர்பிஎம் ஃப்யூஷனின் தளத்துக்குச் சென்று, தங்கள் ஃபெடோரா பதிப்புக்குரிய ஃப்ரீ, நான்ஃப்ரீ ஆகிய இரண்டு கோப்புகளையும் நிறுவிக்கொண்ட பிறகு, தொகுப்புகளை நிறுவவும் நீக்கவும் பயன்படும் டிஎன்எஃப் கட்டளையின் ஸ்வாப் என்ற செயலால் எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீயை அகற்றி எஃப்எஃப்எம்பெக்கை அதன் இடத்தில் வைக்க வேண்டும். முரண்படும் தொகுப்புகளை நீக்க அனுமதிக்கும் அலவ்இரேசிங் என்ற தெரிவைச் சேர்க்காவிட்டால் கட்டளை பிழை காட்டி நின்றுவிடலாம். ஓப்பன்சூசேயில் பேக்மேன் களஞ்சியம் இதே பணியைச் செய்கிறது. ஓபிஐ என்ற சிறுநிரலை நிறுவி, 'கோடெக்ஸ்' என்ற சொல்லுடன் அதை இயக்கினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

களஞ்சியங்களைத் தொடவே விரும்பாதவர்கள் ஃப்ளாட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து விஎல்சியையோ எம்பிவியையோ, எந்த வழங்கலிலும் ஓடும் ஃப்ளாட்பேக் வடிவில் நிறுவிக்கொள்ளலாம். தேவையான கோடெக்குகள் அதனுடனேயே வந்துவிடுவதால், படம் பார்ப்பது மட்டுமே தேவை என்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். ஃபெடோராவில் மட்டும், மென்பொருள் மையம் காட்டும் மூலப் பட்டியலில் ஃபெடோராவின் சொந்த ஃப்ளாட்பேக்கைத் தேர்ந்துவிடாமல் ஃப்ளாட்ஹப்பையே தேர வேண்டும்.

எல்லாம் நிறுவிய பிறகும் நோமின் பிளேயர் கோடெக் இல்லை என்றே சொன்னால், இல்லக் கோப்புறையில் மறைந்திருக்கும் கேஷ் கோப்புறைக்குள் ஜிஸ்ட்ரீமர்-1.0 என்ற உள்கோப்புறையை நீக்கிவிட்டுப் பிளேயரை மீண்டும் திறந்து பார்க்கலாம். செருகுநிரல்களின் பழைய பட்டியல் அங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கும். நீக்கினால் புதிதாக எழுதப்படும்.

காணொளி ஓடினாலும் விசிறி இரைந்து படம் விக்கினால், விரிக்கும் வேலை கிராஃபிக்ஸ் சில்லுக்குப் போகாமல் மையச் செயலியின் தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள். விஏஇன்ஃபோ என்ற கட்டளை, சில்லு எந்த வடிவங்களை விரிக்கும் என்று பட்டியலிடும். அதில் ஹெச்.264, ஹெச்ஈவிசி வரிகள் இல்லையென்றால் இயக்கியைத்தான் கவனிக்க வேண்டும். 2022-இல் வந்த ஃபெடோரா 37 முதல் மெசா என்ற திறமூல கிராஃபிக்ஸ் இயக்கியில் இந்த இரண்டுக்குமான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டதால், ஏஎம்டி சில்லு வைத்திருப்பவர்கள் ஆர்பிஎம் ஃப்யூஷனில் ஃப்ரீவேர்ல்டு என்று முடியும் மெசா தொகுப்பை நிறுவ வேண்டும். உபுண்டுவில் இன்டெல் சில்லு உள்ளவர்கள் நான்-ஃப்ரீ என்று முடியும் இன்டெல் மீடியா இயக்கியை நாடலாம்.

கடையில் விற்கும் டிவிடிகள் சிஎஸ்எஸ் என்ற பூட்டுடன் வருகின்றன. அதைத் திறப்பது லிப்டிவிடிசிஎஸ்எஸ் நூலகம். டெபியன், உபுண்டு இரண்டிலும் லிப்டிவிடி-பிகேஜி தொகுப்பை நிறுவி, அதன்பின் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை அதன்மேல் இயக்கினால், மூலநிரல் இறங்கி நம் கணினியிலேயே தொகுக்கப்படும். இந்த இரண்டாம் படியை விட்டுவிட்டு டிவிடி ஓடவில்லை என்பவர்கள் ஏராளம். சில நாடுகளில் பூட்டைத் திறப்பதே சட்டத்துக்குப் புறம்பானது என்பதால், தங்கள் நாட்டு நிலையை அறிந்துகொண்டு செய்யவும்.

நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளின் காணொளிக்கு மேலே சொன்ன தொகுப்புகள் மட்டும் போதாது. அங்கே தேவைப்படுவது உலாவிக்குள் இயங்கும் வைட்வைன் என்ற, பூட்டிய காணொளியைத் திறக்கும் நிரல். குரோமில் அது உடனிருக்கிறது. ஃபயர்பாக்ஸின் அமைப்புகளில், பொதுப் பகுதியில், டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) கட்டுப்பாட்டுள்ள உள்ளடக்கத்தை இயக்க அனுமதிக்கும் பெட்டியைத் தேர்ந்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். லினக்ஸ் உலாவிகளுக்குக் கிடைப்பது பொதுவாக வைட்வைனின் கீழ்நிலைப் பாதுகாப்பு மட்டுமே என்பதால், 4கே தெளிவுக்குக் கட்டணம் செலுத்தியிருந்தாலும் படம் குறைந்த தெளிவில்தான் வரும். அதற்காகக் கோடெக்குகளை மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்க்க வேண்டாம்.