துளை பொருந்தினால் போதுமா? பழைய ஃபோர்டு டிரம்மில் ஸ்போக் வீல் மாட்டுவது எப்படி

1928 மாடல் ஏ முதல் 1935 வரை வந்த ஃபோர்டு கார்களின் ஸ்போக் வீலில் ஐந்து துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 5½ அங்குலம். 1940 முதல் 1948 வரை வந்த ஹைட்ராலிக் பிரேக் டிரம்மிலும் அதே அளவுதான். அதனால் பழைய வீலைப் புதிய டிரம்மில் வைத்தால் அழகாக உட்காரும். புதிதாக இறங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மற்ற வீல்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு மேல் இறக்குங்கள்.

2. அளவெடுங்கள். ஐந்து ஸ்டட் (டிரம்மிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் போல்ட்) இருந்தால் நேரெதிரே ஸ்டட் கிடையாது. ஒரு ஸ்டட்டின் இடது ஓரத்திலிருந்து, நடுவில் ஒன்றைத் தாண்டி, அடுத்ததன் இடது ஓரம் வரை அளந்து, வருவதை 1.05-ஆல் பெருக்குங்கள். அளந்தது ஏறக்குறைய 133 மி.மீ., பெருக்கியது ஏறக்குறைய 140 மி.மீ. என்று வந்தால் உங்களுடையது 5½ அங்குல வட்டம். 1936–39 டிரம் என்றால் ஸ்டட்டுகள் ஓரத்துக்கே போய் 10¼ அங்குல வட்டத்தில் நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தெரியும். அதில் இந்த வீலை மாட்ட ஹப்பும் (வீல் சுழலும் நடுப்பாகம்) டிரம்மும் மாற வேண்டும். அடாப்டர் விற்கிறார்கள், ஆனால் முதல் வண்டியில் அந்த வேலை வேண்டாம் என்பேன்.

3. இனி முக்கியமான சோதனை. ஸ்போக் வீலின் நடுக்கிண்ணம் தன் வெளி விளிம்பில் டிரம்மைத் தொட்டு நிற்க வேண்டும். 1940–48 டிரம்மின் முகம் அந்த விளிம்புக்குத் தாங்கல் தராது. நட்டை முறுக்க முறுக்க, துளைகளைச் சுற்றியுள்ள தகடு உள்ளே வளையும். ஓட ஓட விரிசல் விடும். டிரம் முகத்தைத் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி, வீலை வைத்து நட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கிக் கழற்றுங்கள். விளிம்பு முழுக்க வட்டமாகக் கறை ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் இடையில் சப்போர்ட் ரிங், அதாவது விளிம்பைத் தாங்கும் வளையம், வேண்டும். வாஷர் அடுக்கிச் சமாளிக்காதீர்கள்.

4. ரிங்கைப் போட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு கிரீஸை ஒட்டத் துடைத்துவிடுங்கள். பிரேக் ஷூவில் பட்டால் அது வேறு தலைவலி.

5. ரிங்கின் கனம் ஸ்டட்டின் நீளத்தைத் தின்னும். அரை அங்குல ஸ்டட்டில் அங்குலத்துக்கு 20 மரை. எனவே நட்டு குறைந்தது பத்துச் சுற்றாவது ஏற வேண்டும். ஏறவில்லையா, நீளமான ஸ்டட் போடுங்கள். பழைய ஸ்டட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டாம். பல டிரம்களில் அதை நசுக்கிப் பிடிக்க வைத்திருப்பார்கள், அடித்தால் டிரம்மே போய்விடும். லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

6. நட்டின் கூம்பு முகம் வீல் துளையின் குழியோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றாக, இரண்டு மூன்று தடவையில் இறுக்குங்கள். வீலைக் கையால் சுற்றி எங்கும் உரசாததைப் பாருங்கள். முன் வீல் என்றால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள்.

எந்த அளவு வீல் வாங்குவது? 1928–29-இல் 21 அங்குலம், 1930–31-இல் 19, 1932-இல் 18, 1933–34-இல் 17, 1935-இல் 16. என் கண்ணுக்கு 16தான் லட்சணம். டயர் தேடுவதும் அதற்குச் சுலபம்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.