ஏற்காட்டுப் பனியிலும் நமுக்காத நட்ஸ் கலவை

மழைக்காலத்தில் எங்கள் ஏற்காட்டு வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளேயே வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சுற்றிலும் காப்பித் தோட்டம். கீழே சேலத்தில் நாள் கணக்கில் மொறுமொறுவென்று இருக்கும் பலகாரம், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே வந்ததும் துவண்டுவிடும். அதனால் இந்தச் செய்முறையில் என்ன போடுகிறோம் என்பதைவிட ஈரத்தை எப்படி வெளியே நிறுத்துகிறோம் என்பதைத்தான் நிறையச் சொல்லப்போகிறேன்.

தேவையானவை: பச்சை நிலக்கடலைப் பருப்பு 200 கிராம், பாதாம் 100, முந்திரி 100, வால்நட் 50, பூசணி விதை 50, கருப்பு உலர்திராட்சை 75, பேரீச்சை 75. நிலக்கடலையைக் குறைத்துப் பாதாமைக் கூட்டாதீர்கள். விலை ஒரு காரணம். இந்தக் கலவைக்கு உடம்பு கொடுப்பதே நிலக்கடலைதான் என்பது இன்னொன்று.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளில் சில்லறையாகவும் கொடுப்பார்கள். முந்திரி முழுசாக வேண்டாம், பிளவு முந்திரி போதும். ருசி ஒன்றுதான், விலை குறைவு. வால்நட்டை மட்டும் ஒன்று மென்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை லேசாக அடித்தாலும் வேண்டாம். அந்த வாடை வறுத்தாலும் போகாது.

வறுப்பது

அடிகனமான இரும்பு வாணலி, சிறு தீ. நான்ஸ்டிக் எனக்குப் பிடிக்காது, சூடு ஒரே சீராக நிற்பதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கக் கூடாது. நிலக்கடலைக்கு 12 முதல் 15 நிமிடம், பாதாமுக்கு 8 முதல் 10, முந்திரிக்கு 5, வால்நட்டுக்கு 3. பூசணி விதை படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடலாம். நிலக்கடலையைத் தோல் தேய்த்து முறத்தில் புடைத்துக்கொள்ளுங்கள்.

சூடாக இருக்கும்போது எந்தக் கொட்டையும் மெத்தென்றுதான் இருக்கும். அதை வாயில் போட்டுப் பார்த்து இன்னும் வேகவில்லை என்று நினைத்துத் தொடர்ந்து வறுத்தால் கருகிவிடும். ஒரு பாதாமைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே இளம்பழுப்பாகத் தெரிந்தால் சரி, உடனே தட்டில் கொட்டுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் மேலும் கறுக்கும்.

உப்பு வேண்டுமென்றால் ஒரு டீஸ்பூன் உப்பை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, வறுத்து முடித்த கடலையையும் முந்திரியையும் மீண்டும் வாணலியில் போட்டுத் தெளித்து, வெள்ளையாக உப்புப் பூக்கும்வரை கிளறுங்கள். தூள் உப்பைத் தூவினால் அது டப்பா அடியில்தான் கிடக்கும். கடைசிக் கிளறலில் நம்ம மலை மிளகைக் கொரகொரவென்று இடித்துப் போட்டால், இந்த மண்ணின் மணம் வந்துவிடும்.

ஆறவைப்பது

கலவை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீர்த்துளியாகி உள்ளே சொட்டும். அதற்குப் பயந்து ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால், வறுத்த கொட்டை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஜன்னலைச் சாத்திவிட்டு அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அரை மணி நேரத்தில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். உள்ளங்கையில் கொஞ்சமும் கதகதப்பு தெரியவில்லையா, அந்த நிமிடமே டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பழம்

உலர்திராட்சையில் சுமார் 15 சதவீதம் ஈரம் இருக்கும், பேரீச்சையில் அதைவிடக் கூடுதல். வறுத்த கொட்டையில் 2, 3 சதவீதம்தான். இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்தால் பழத்தின் ஈரம் கொட்டைக்குப் போகும். திராட்சை கட்டியாகும், முந்திரி நமுத்துவிடும். எவ்வளவு நல்ல மூடி போட்டாலும் இது நிற்காது, ஈரம் உள்ளேயே அல்லவா இருக்கிறது! ஆகவே கொட்டைக்கு ஒரு டப்பா, பழத்துக்கு ஒரு டப்பா. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள்.

பேரீச்சையைக் கொட்டை நீக்கி நறுக்கி, பொட்டுக்கடலை மாவில் புரட்டினால் ஒட்டாது. திராட்சையை, அடுப்பை அணைத்த பிறகு வாணலியில் மிச்சமிருக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் மேல் ஈரம் போய்விடும். நெய்யில் பொரித்தால் பாயசத்துக்குத்தான் ஆகும்.

டப்பாவைப் பொறுத்தவரை ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் உள்ள கண்ணாடி ஜாடிதான் என் முதல் தேர்வு. எவர்சில்வர் சம்படம் பார்க்க அழகு, ஆனால் பல சம்படங்களின் மூடி காற்றை விடும்.

பின்சேர்க்கை

நமுத்துப்போனதை என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிறு தீயில் 3, 4 நிமிடம் வெறும் வாணலியில் புரட்டி மறுபடி ஆறவையுங்கள், மொறுமொறுப்பு திரும்பிவிடும். சிக்கு வாடை வந்துவிட்டால் மட்டும் வழியில்லை, கொட்டிவிடுங்கள்.

சிறு குழந்தைகளுக்கு, குறிப்பாக ஐந்து வயதுக்குள், முழுக் கொட்டை கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும். நன்றாகப் பொடித்துப் பாலிலோ கஞ்சியிலோ கலந்து கொடுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர், சித்திரை வெயிலில் வால்நட் சீக்கிரம் கெடுகிறது என்று எழுதியிருந்தார். அங்கே வெக்கைதான் எதிரி, ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஜாடியைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டு, கண்ணாடியில் குளிர்ச்சி போன பிறகு திறங்கள். இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கொட்டைமேல் வியர்த்துவிடும்.