ஸ்கூல் லேப்டாப்பில் விண்டோஸ் இல்லையா? கைட் லினக்ஸ் திரையில் வழி கண்டுபிடிப்பது எப்படி

பொள்ளாச்சி, கோயம்புத்தூர் பக்கமிருந்து கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கோ சித்தூருக்கோ குடிவருகிறவர்கள், பிள்ளையைத் தமிழ் மீடியத்திலேயே சேர்த்தாயிற்று, இனிக் கவலை இல்லை என்று இருக்கும்போது ஐடி பாடம் வந்து நிற்கும். அதில் விண்டோஸ் கிடையாது. கேரளத்து அரசுப் பள்ளி, எய்டட் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பது, கைட் என்ற கேரள அரசு நிறுவனம் தயாரித்துத் தரும் லினக்ஸ். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்குகிற இன்னொரு மென்பொருள் அது. 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம்தான் 2017-ல் கைட் என்ற நிறுவனமானது. அவர்களுடைய 22.04 பதிப்பு, உபுண்டு என்ற பிரபல லினக்ஸின் 22.04-ன் மேல் கட்டியது, இலவசம், வீட்டு கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம். நான் கீழே சொல்வது அதை வைத்துத்தான். உங்கள் மெஷினில் தோற்றம் கொஞ்சம் மாறியிருந்தாலும் சங்கதி ஒன்றுதான்.

திரையைப் பார்த்ததும் எல்லோரும் ஸ்டார்ட் பட்டனைத் தேடுகிறார்கள். அது அப்புறம். முதலில் தெரிய வேண்டியது, நாம் சேவ் செய்கிற ஃபைல் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான். புரோகிராம் கிடைக்காவிட்டால் கொஞ்சம் நேரம் வீணாகும், அவ்வளவுதான். ஃபைல் எங்கே போனது என்று தெரியாவிட்டால் பிள்ளை ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை மொத்தமும் காணாமல் போனது போலத்தான்.

இங்கே சி டிரைவ், டி டிரைவ் என்று எதுவும் கிடையாது. அதைத் தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்காது. உங்களுக்கென்று ஹோம் என்ற ஒரு ஃபோல்டர் இருக்கும், வீடு போட்ட படம், பெரும்பாலும் டெஸ்க்டாப்பில் கீழே வலது மூலையில். அதைத் திறந்தால் டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். நீங்கள் செய்கிற எல்லாமே இந்த ஒரு ஃபோல்டருக்குள்தான் அடங்கும்.

ஒரு சின்னப் பயிற்சி செய்துவிடுங்கள். டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து ஏதாவது ஒரு வரி அடித்து, கண்ட்ரோல் எஸ் கொடுங்கள். வருகிற பெட்டியில் பெயர் போடும் இடத்துக்குக் கீழே எந்த ஃபோல்டர் என்று காட்டும், அதை வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் சேவ் கொடுத்து, எடிட்டரை மூடிவிட்டு, ஹோமுக்குள் போய் அந்த ஃபைலை நீங்களே கண்டுபிடித்துத் திறங்கள். இதைப் பிள்ளையை வைத்துச் செய்யச் சொன்னால் இன்னும் நல்லது. கிடைக்கவில்லையா, ஃபைல்ஸ் ஜன்னலின் இடது பக்கத்தில் ரீசன்ட் என்று இருக்கும், கடைசியாகத் தொட்டவை அதில் நிற்கும். அதிலும் இல்லையென்றால் ஹோமில் நின்று கண்ட்ரோல் எஃப் அடித்துப் பெயரில் நாலு எழுத்து கொடுங்கள். ஒன்று கவனம்: ஃபைல் பெயரில் இங்கிலீஷ் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு. பெரிய எழுத்தில் தொடங்கும் ஹோம்வொர்க்கும் சின்ன எழுத்தில் தொடங்கும் ஹோம்வொர்க்கும் ஒரே ஃபோல்டரில் தனித்தனி ஃபைலாக இருக்கும். பழசைத் திறந்துவிட்டு எழுதியது போய்விட்டதே என்று பிள்ளைகள் அழுவது பல நேரம் இதனால்தான்.

சரி, புரோகிராம்கள். இடது ஓரமாகப் படங்கள் வரிசையாக நிற்கிறதே, அதன் அடியில் ஒன்பது புள்ளி வைத்த கட்டம் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் எல்லாம் வரும். இதைவிடச் சுலபமான வழி, விண்டோஸ் முத்திரை போட்ட கீயை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேண்டியதன் பெயரை அடிப்பது. ஜியோஜிப்ரா, ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிபரே ஆபிஸ் எதுவானாலும் மூன்று எழுத்து அடிப்பதற்குள் வந்துவிடும். நான் அந்தப் புள்ளிக் கட்டத்துப் பக்கமே போவதில்லை. நெட், சத்தம், ஷட் டவுன் மூன்றும் மேலே வலது மூலையில் ஒரே இடத்தில் இருக்கும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு வருகிற தனிச் சிக்கல் ஒன்று உண்டு. யாராவது மொழியை மலையாளத்தில் வைத்திருப்பார்கள். பேச்சு மலையாளம் சரளமாக வரும், எழுத்து மட்டும் தெரியாது என்கிற வீடுகள் வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரைக்கும், அந்தப் பக்கம் மூணாறு தேவிகுளத்திலும், நிறைய இருக்கின்றன. பயப்படாதீர்கள், எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். மேலே வலது மூலையை அழுத்தினால் பல்சக்கரப் படம் வரும், அதுதான் செட்டிங்ஸ். உள்ளே இடது பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் மொழிக்கும் ஊருக்கும் ஒரு பக்கம் இருக்கும், பக்கத்தில் கொடிப் படம் நிற்கும். மொழிகளின் பெயர் அந்தந்த மொழி எழுத்திலேயே இருக்கும் என்பதால் தமிழையோ இங்கிலீஷையோ கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மாற்றிவிட்டு லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் மாறும். அப்படி வந்ததும் ஃபோல்டர் பெயர்களையும் புது மொழிக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். பழைய பெயரே இருக்கட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் புத்தகத்தில் ஒரு ஃபோல்டர் பெயரும் உங்கள் மெஷினில் வேறு பெயரும் என்று குழப்பம்தான்.

தமிழில் டைப் அடிக்க, அதே செட்டிங்ஸில் கீபோர்டு பக்கம் போய், இன்புட் சோர்ஸ் என்ற இடத்தில் கூட்டல் குறியை அழுத்தித் தமிழைச் சேருங்கள். தமிழ் எழுத்துகளுக்கென்றே அமைத்த தமிழ்99 கீபோர்டு முறையும் இருக்கும், அம்மா என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழில் விழும் பொனெட்டிக் முறையும் இருக்கும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரைச் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். பிள்ளைக்கு நேராகத் தமிழ்99-ஐயே பழக்குங்கள், பின்னால் வேகம் வரும்.

கோயம்புத்தூர் டிடிபி கடையில் அடித்து வாங்கிய பழைய ஃபைலைத் திறந்தால் சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தாகத் தெரிகிறதா? ஃபைல் கெட்டுப்போகவில்லை. அது பாமினி, வானவில் மாதிரி, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் சேராத பழைய ஃபாண்டில் அடித்தது, அந்த ஃபாண்ட் இந்த மெஷினில் இல்லை. ஃபாண்ட் ஃபைல் கையில் இருந்தால் டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் அழுத்துங்கள், லிபரே ஆபிஸை மூடித் திறந்தால் தமிழ் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதுதான் நிரந்தர வழி.

இங்கே எழுதியதை அக்ஷயா சென்டரிலோ (கேரளத்து இ-சேவை மையம்) ஜெராக்ஸ் கடையிலோ பிரிண்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். லிபரே ஆபிஸில் வேர்டு மாதிரி இருக்கும் ரைட்டர் தானாகச் சேவ் செய்வது ஓடிடி வடிவத்தில், கடைக்காரர் வேர்டில் திறந்தால் வரிகள் இடம் மாறி ஒரு பக்கம் இரண்டு பக்கம் ஆகிவிடும். மேலே டூல்பாரில் பிடிஎஃப் படம் ஒன்று இருக்கிறது, ஒரே அழுத்து.

பென் டிரைவ் விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. காப்பி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் லினக்ஸ் கொஞ்சத்தை மெமரியில் வைத்துக்கொண்டு பின்னால் மெதுவாக எழுதிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால் ஃபைல் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஃபைல்ஸ் ஜன்னலில் இடது பக்கம் பென் டிரைவ் பெயருக்கு நேரே மேல்நோக்கிய முக்கோணக் குறி இருக்கும், அதை அழுத்தி, பெயர் மறைகிற வரை காத்திருந்துவிட்டு எடுங்கள். ஒரே மெஷினில் விண்டோஸும் சேர்ந்து இருந்தால் அதன் பார்ட்டிஷன், அதாவது டிஸ்கில் விண்டோஸுக்கென்று ஒதுக்கிய பகுதி, ஃபைல்ஸ் ஜன்னலில் அதர் லொகேஷன்ஸில் தெரியும். அதில் எழுத முடியவில்லை என்றால் விண்டோஸ் முழுசாக ஷட் டவுன் ஆகாமல் பாதித் தூக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிட்டு மூடினால் சரியாகும்.

சின்னப் பிள்ளைகள் கீபோர்டில் விளையாடித் திரை திடீரென்று கறுப்பாகி லாகின் என்று மட்டும் கேட்டால், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், வராவிட்டால் எஃப்2-க்குப் பதில் எஃப்1. திறந்து வைத்த ஃபைல் அப்படியே இருக்கும், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடாதீர்கள்.

புதுசாக ஏதாவது இன்ஸ்டால் செய்யும்போது பாஸ்வேர்டு கேட்கும். டெர்மினலில், அதாவது கட்டளையை எழுத்தாக அடிக்கும் ஜன்னலில், பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளிகூட விழாது, அடித்து என்டர் கொடுத்தால் போதும். இது வீட்டு மெஷினுக்கு மட்டும். ஸ்கூல் கொடுத்த லேப்டாப்பாக இருந்தால் நீங்களாக எதையும் போடவோ எடுக்கவோ வேண்டாம், ஸ்கூலில் எஸ்ஐடிசி என்று ஐடி பொறுப்பில் ஒரு டீச்சர் இருப்பார், அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.