வளர்கிற பிள்ளைக்கு எத்தனை உடுப்பு?

அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் விடை கிடைக்காது. துணி துவைக்கிற வழக்கத்தைப் பாருங்கள். ஒரு துவையலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நாள், காய எத்தனை நாள், அவசரத்துக்கு ஒன்று. கணக்கு அவ்வளவுதான். எங்கள் வீட்டில் துவைப்பது நான். மூன்று நாளுக்கு ஒருமுறை துவைக்கிறேன், ஒரு நாளில் காய்ந்துவிடும். ஆகவே பிள்ளைக்கு டி-ஷர்ட்டோ சட்டையோ ஐந்து போதும். வாரம் ஒருமுறைதான் துவையல் என்றால் ஒன்பது.

பேன்ட்டுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ஜீன்ஸை நாலைந்து தரம் போட்டுவிட்டுத் துவைக்கலாம். மூன்று இருந்தால் தாராளம். சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் உள்ளாடை. வியர்த்துக் கொட்டுகிற வயது, ஒரே நாளில் இரண்டு தரம் மாற்ற வேண்டிவரும். கணக்குக்கு மேல் மூன்று நான்கு வையுங்கள். மாதவிடாய் தொடங்கிவிட்ட பெண்ணுக்கு அடர் நிறத்தில் இன்னும் கொஞ்சம். சாக்ஸ் எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி. ஒன்று தொலைந்தாலும் மிச்சம் ஜோடி சேரும்.

பள்ளிச் சீருடை உண்டென்றால் வீட்டு உடுப்பைப் பாதியாக்கிவிடலாம். விசேஷத்துக்கு ஒன்றே ஒன்று. அதையும் தேதி நெருங்கும்போது வாங்குங்கள்.

ஏனென்றால் உயரம். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதிலும், பையன்கள் 13, 14 வயதிலும் சட்டென்று நெடுநெடுவென வளர்வார்கள். தள்ளுபடியில் கிடைத்ததே என்று இப்போதைய அளவில் நாலு பேன்ட் வாங்கி அடுக்கினால், நாலும் ஒரே சமயத்தில் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும்.

வாங்கும்போது பேன்ட்டை உள்பக்கமாகத் திருப்பிக் கால் மடிப்பைப் பாருங்கள். உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டிருந்தால் அது நல்ல பேன்ட். நீளம் அதிகமா, வெட்டச் சொல்லாதீர்கள். பருத்தி முதல் துவையலில் சுருங்கும். துவைத்த பிறகு உள்ளே மடித்து, கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். பிள்ளை வளர்ந்ததும் பிரித்து இறக்கிவிடலாம். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று தெரியும், ஜீன்ஸில் ரொம்பவே தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே அதே நிற நூலில் ஒரு தையல் ஓட்டினால், அதுதான் டிசைன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவ்வப்போது பேன்ட்டின் தொடைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உராய்ந்து நைந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். கிழியும் முன்பே உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்தால் வெளியே தெரியாது. கிழிந்த பிறகு வைத்தால் தெரியும், பிள்ளையும் போடமாட்டேன் என்று நிற்கும்.

எண்ணிக்கை பெரியவர்கள் முடிவு, சரி. எந்த ஐந்து என்பது பிள்ளைகள் பாடு. அதில் தலையிட்டால், பிடிக்காத இரண்டு மடிப்புக் கலையாமல் அடியில் கிடக்கும். மிச்சம் மூன்றை நீங்கள்தான் அடிக்கடி துவைக்க வேண்டிவரும். என் மகன் ஐந்தையும் கறுப்பிலேயே எடுத்தான். எனக்கென்ன, சாயம் ஒட்டும் என்று தனியாக ஊறவைக்கிற வேலை மிச்சம்.

புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று இரவு உடுப்பாக இறங்க வேண்டும். அதுவும் நைந்தால் துடைக்கிற துணி. பருத்தி டி-ஷர்ட் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். கிழிப்பதற்கு முன் பொத்தான், ஜிப் இருந்தால் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள்.